மாணவி சொன்ன நாளிலிருந்தே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவர் பேராசிரியர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருக்கிறார் என்று செய்தி வரும்போதெல்லாம், வாசகர் கடிதங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை?" கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாக நான் நினைக்கவில்லை, பலருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆனால் நான் அறிந்தவரை, அந்த மாணவிகள் வாயைத் திறக்காமல் இருப்பதில்லை. யாரிடமாவது சொல்லத்தான் செய்கிறார்கள். கேட்டவர் அதை உரிய இடத்துக்குக் கொண்டுபோவதில்லை, எங்கே கொண்டுபோக வேண்டும் என்று மாணவிக்கும் சொல்வதில்லை. அவர் சொன்ன நாளுக்கும் அது புகாராகப் பதிவாகும் நாளுக்கும் இடையே கரைந்துபோகும் காலத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழக ஆசிரியராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மாணவர்கள் இன்றும் "விசாகா கமிட்டி" என்றே அழைக்கிற, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். குழுவின் முன் வந்த எதையும் வெளியில் பேசக் கூடாது என்று சட்டம் சொல்வதால், எந்தத் தனிப்பட்ட புகாரையும் இங்கே எடுத்துக்காட்டப் போவதில்லை. என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

ஒரு மாணவி முதலில் சொல்வது பெரும்பாலும் குழுவிடம் அல்ல. விடுதியில் உடன் தங்கியிருக்கும் தோழியிடம் சொல்வார். வயதில் சற்றே மூத்த உதவிப் பேராசிரியையிடம் சொல்வார். விடுதிக் காப்பாளரிடமோ ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அக்காவிடமோ சொல்வார். அவர்களிடமிருந்து கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. "அவர் அப்படித்தான், தனியாக அவர் அறைக்குப் போகாதே" என்பார் ஒருவர். "ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வரை பொறுத்துக்கொள்" என்பார் இன்னொருவர். "நான் அவரிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன்" என்று மூன்றாமவர் சொல்லும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது, ஏனென்றால் குற்றம் சாட்டப்படக்கூடியவருக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இவர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். தங்கள் வேலை, பதவி உயர்வு, துறைக்குள் இருக்கும் உறவுகள் ஆகியவற்றை எண்ணி அஞ்சுகிறவர்கள். அல்லது என்ன செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லிக்கொடுக்காதவர்கள்.

இதற்கிடையில் சட்டத்தின் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைத் தொடர்ந்து 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்கின்றன. தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு அதைப் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு வழி அடைபட்டுவிடுகிறது. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியை ஒருவர் அதன் துணைவேந்தர் மீது கொடுத்த புகாருக்கு இதுதான் நேர்ந்தது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில். புகார் கொடுக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பரில். காலம் கடந்துவிட்டது என்று புகார் நிராகரிக்கப்பட்டதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே தீர்ப்பில், இந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் புகாரின் உண்மை பொய்யை விசாரிக்கும் கட்டத்துக்கே வழக்கு வரவில்லை. சட்டம் கற்பிக்கும் ஆசிரியைக்கே இந்த நிலை என்றால், இருபது வயதில் முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் பெண்ணிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்?

ஆகவே என் முதல் வேண்டுகோள் மாணவிகளின் நாவை நோக்கியதன்று, அவர்கள் சொல்வதைக் கேட்கும் காதுகளை நோக்கியது. ஆசிரியரோ அலுவலரோ விடுதிக் காப்பாளரோ, யாரிடம் மாணவி சொன்னாலும், அவர் மாணவிக்கு அன்றைக்கே மூன்று மாதக் கெடுவைச் சொல்ல வேண்டும். குழுத் தலைவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்க வேண்டும். மாணவி விரும்பினால் உடன் செல்ல வேண்டும். மாணவியின் சம்மதமின்றி வேறெவரிடமும், குறிப்பாகக் குற்றம் சாட்டப்படுபவரிடம், பேசக் கூடாது. இதைப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். ஆசிரியர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி என்று எத்தனையோ நாள்களைச் செலவிடும் பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய சுமையாக இருக்க முடியாது.

புகாரை எழுத்தில் தர வேண்டும் என்பதைச் சொல்லியே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், எழுத்தில் கொடுக்க இயலாதவருக்கு எழுதுவதற்கான எல்லா உதவியையும் குழு செய்து தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. புகார் தமிழில் இருக்கலாம். சட்டப் பிரிவுகளை மாணவி குறிப்பிட வேண்டியதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், என்ன சொன்னார் அல்லது செய்தார், அப்போது அருகில் யார் இருந்தார்கள், அதற்குப் பின் யாரிடம் சொன்னேன் என்பவை போதும். நாள் சரியாக நினைவில்லையென்றால், "இரண்டாம் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம்" என்று எழுதலாம். அருவருப்பில் குறுஞ்செய்திகளை அழித்துவிடத் தோன்றும். அழிக்காமல் அவற்றின் படங்களை எடுத்து நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது. உடலாலோ மனத்தாலோ இயலாத நிலையில் மாணவி இருந்தால் அவருடைய தோழியோ உறவினரோ உடன் பயில்பவரோ உளவியலாளரோ புகார் தர ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. இந்தச் செய்தி ஆசிரியர்களுக்கே தெரியாமலிருப்பதைக் கண்டு பலமுறை வருந்தியிருக்கிறேன்.

ஆய்வு மாணவிகளின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இளநிலை மாணவி ஓர் ஆசிரியரை ஒரு பருவத்தோடு கடந்துவிடலாம். முனைவர் பட்ட மாணவி நான்கைந்து ஆண்டுகள் ஒரே ஒருவரின் கையொப்பத்தை நம்பி வாழ்கிறார். உதவித்தொகைக்கான மாதாந்திரப் படிவத்தில் "பணி திருப்திகரம்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்றத்தைக் குழுவின் முன் வைக்க அவர் ஒப்ப வேண்டும். கருத்தரங்குக்குப் போக அனுமதி, கட்டுரையில் பெயர் வரிசை, ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பித்தல், புறத் தேர்வாளர்களின் பட்டியல், இறுதியில் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் என எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். இவ்வளவு அதிகாரம் ஒரு மனிதரிடம் குவிந்திருக்கும்போது அவர் மீது புகார் எழுதுவது, தன் நான்காண்டு உழைப்பை இழக்கத் தானே கையெழுத்திடுவதைப் போன்றது. வழிகாட்டியை மாற்றித் தருவோம் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அந்தத் துறையில் வேறு எவரும் அவரைப் பகைத்துக்கொண்டு இந்த மாணவியை ஏற்க முன்வருவதில்லை. துறை மாறினால் ஆய்வுத் தலைப்பே மாறிவிடும்.

இதற்கும் விதி இருக்கிறது என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருவது. விசாரணை முடியும் வரை, குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரின் பணியையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். விலகி நிற்கும்படி எச்சரிக்கலாம். இவை விசாரணைக்கு முன்பே, முதல் வாரத்திலேயே செய்யக்கூடியவை. நடைமுறையில் மாணவி எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. புகாரைப் பெற்ற அன்றே குழு இந்த இடைக்கால உதவிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதைக் கட்டாயமாக்க வேண்டும். உதவித்தொகைப் படிவத்தில் வழிகாட்டிக்குப் பதிலாகத் துறைக்கு வெளியே உள்ள புல முதன்மையர் (டீன்) ஒருவர் கையொப்பமிடும் ஏற்பாட்டையும் அந்த வாரத்திலேயே செய்ய வேண்டும். ஒரு மாத உதவித்தொகை நின்றாலே விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊர் திரும்பிவிடும் பிள்ளைகள் நம் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

குழுவின் அமைப்பைப் பற்றியும் பெற்றோரும் மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்குக் குறையாத பெண் ஒருவரே அதன் தலைவராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாரென்றால் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரும் வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எத்தனை இடங்களில் பின்பற்றப்படுகிறது என்பதை மாணவர் அமைப்புகள் தங்கள் நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் வைக்காமல் துறைத் தலைவர்கள் கைகாட்டி நியமிப்பதும் நடக்கிறது. பதிவாளர் அறையை ஒட்டிய கண்ணாடிக் கதவு அறையில் குழு கூடினால், அந்த வராந்தாவில் காத்திருக்கும் மாணவி யார் என்பது மாலைக்குள் வளாகம் முழுவதும் தெரிந்துவிடும். எங்கே உட்கார்ந்து விசாரிக்கிறோம் என்பதையும் யோசிக்கத் தெரியாத குழுவை மாணவிகள் நம்புவது கடினம்.

விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். விரைவு தேவைதான், ஆனால் அவசரம் புகார்தாரருக்கே எதிராகத் திரும்பும். கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் ஒருவர் மீது மாணவிகள் 2009-இல் கொடுத்த புகாரில், தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பளிக்காமல் விசாரணை அவசரமாக முடிக்கப்பட்டது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, மீண்டும் குழுவிடமே அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்கள் மறுபடியும் சாட்சி சொல்ல வேண்டிய நிலை. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகாரின் நகலை ஏழு நாளில் கொடுப்பதும், அவர் பதிலளிக்கப் பத்து நாள் தருவதும், சாட்சிகளைக் கேள்வி கேட்க முறையான வழி செய்வதும் அவருக்குக் காட்டும் சலுகைகள் அல்ல. புகார்தாரருக்குக் கிடைக்கும் நீதி மேல்முறையீட்டில் நிற்பதற்கான அடித்தளம் அவை. பொய்ப் புகார் பற்றி அஞ்சுகிற ஆண் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

பாலியல் தொல்லைக்கு வரும் கவனம் சாதிப் பாகுபாட்டுக்கு வருவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012-ஆம் ஆண்டே இதற்கென ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றது. வகுப்பில் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவது, "இட ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று முத்திரை குத்துவது, ஆசிரியரைச் சந்திக்க மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைக் கொடுக்காமலிருப்பது, மதிப்பெண்ணில் வேற்றுமை காட்டுவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒதுக்கி வைப்பது ஆகிய அனைத்தும் அதில் பாகுபாடு என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் இத்தகைய ஒதுக்குதல்களை ஆராய்ந்த தோராட் குழு 2007-இல் தந்த அறிக்கையில் எழுதியவையும் இவைதாம். 2016-இல் ஹைதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவையும் 2019-இல் மும்பையில் மருத்துவ மாணவி பாயல் தாட்வியையும் தற்கொலையில் இழந்த பிறகு, அவ்விருவரின் தாய்மாரும் உச்ச நீதிமன்றத்தை நாடியதே இந்த ஒழுங்குமுறைகள் ஏட்டளவில் நின்றுவிட்டன என்பதால்தான்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவிக்குத் தொல்லை வரும்போது அது பாலியல், சாதி என்று தனித்தனியாக வருவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கும். ஆனால் புகாரென்று வந்தால் ஒரு குழு "இது எங்கள் வரம்பில் இல்லை" என்று இன்னொன்றுக்கு அனுப்பும். நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். வாக்குமூலத்தை ஒரே முறை வாங்கி, அவர் சம்மதத்தோடு இரு தரப்பும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அவசியம். ஆண் மாணவர்களும் திருநர்களும்கூடப் பாலியல் வன்முறைக்கு ஆளாகலாம் என்பதை 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆண் பிள்ளைகள் வந்து சொன்னால் சிரித்து அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்களைத் துன்புறுத்தும் பகடிவதைக்கு எதிராகத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

"சமாதானமாகப் போங்கள்" என்ற சொல்லை நான் அஞ்சுகிறேன். சமரசத்தை மாணவி தானாகக் கேட்டால் மட்டுமே குழு முயல வேண்டும், பணம் அதன் அடிப்படையாக இருக்கவே கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஊர்ப் பெரியவர், உறவினர், சங்கத் தலைவர் என்று யார் யாரோ வந்து பேசுகிறார்கள். கல்லூரியின் பெயர் கெடும் என்கிறார்கள். 2025 ஜூலையில் ஒடிஷாவின் பாலசோரில் தன் துறைத் தலைவர் மீது புகார் கொடுத்திருந்த கல்லூரி மாணவி உயிரிழந்தார். துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரிதான் தன் பெயரைப் பற்றிப் பேச முடியும்?

புகார் கொடுத்தவருக்கு விசாரணைக் காலம் முழுவதும் ஒரு துணை வேண்டும். ஆலோசகர் என்ற பெயரில் வேறு பாடம் நடத்தும் ஆசிரியரைக் கூடுதல் பொறுப்பில் போடாமல், பயிற்சி பெற்ற உளவியலாளரை முழு நேரமாக நியமிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு விடுதியில் அழுதுகொண்டிருக்கும் மாணவி 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. நடந்தது குற்றமென்றால் காவல் நிலையத்துக்கும் போகலாம். குழுவிடம் புகார் கொடுத்திருப்பது அதற்குத் தடையல்ல, உதவுவது நிறுவனத்தின் கடமை. நிறுவனத்தின் தலைவர் மீதே புகாரென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். மகள் சொன்னவுடன் "படித்தது போதும், பெட்டியைக் கட்டு" என்று அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் தவறு செய்தவர் நாற்காலியில் இருக்க, தவறே செய்யாத பிள்ளை படிப்பை இழக்கிறாள். அடுத்த முறை எது நடந்தாலும் வீட்டில் சொல்ல மாட்டாள். அவளோடு பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள், புகாரின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், விடுதியை மாற்றித் தரச் சொல்லுங்கள், தேர்வை எழுத வையுங்கள்.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்கொடுமையின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோது, புகார் கொடுத்த மாணவியின் விவரங்கள் ஊரறியப் பரவின. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்தக் கசிவைப் பார்த்துத் தங்கள் புகாரைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எவராலும் எண்ண முடியாது. பெயரை மட்டும் மறைத்துவிட்டு, துறை, படிக்கும் ஆண்டு, சொந்த மாவட்டம், தந்தையின் தொழில் ஆகியவற்றை அச்சிட்டால் அந்தப் பெண் யார் என்பது அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் தவிர்க்க வேண்டும்.

மற்றொன்று, புகார் செய்தி வெடிக்கும் நாளில் மட்டும் பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்காமல், கல்வியாண்டு தொடங்கும்போதே ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டு வெளியிடுங்கள்: உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் யார், மாணவர் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் எப்போது நடந்தது, பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரின் தொலைபேசி எண் என்ன, சென்ற ஆண்டு எத்தனை புகார்கள் வந்து எத்தனை 90 நாள்களுக்குள் முடிந்தன. ஆண்டறிக்கையில் குழு தர வேண்டிய விவரங்கள்தாம் இவற்றில் பல. பதில் தராத நிறுவனங்களின் பெயர்களையும் அதே பக்கத்தில் அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழகப் பேராசிரியை
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)